‘அன்புடன், லூசி’ – ஒரு சிரிப்பு நடிகை விட்டுச்சென்ற இல்லறப் பாடம்

இல்லறத்தைப் பற்றிப் பிறருக்குப் புத்தி சொல்லத் தகுதி வாய்ந்தவர் யார்? ஐம்பது ஆண்டுகள் ஒரு குறையுமின்றி வாழ்ந்த தம்பதிகளா? அல்லது, அன்பு கொண்டு மணந்து, அந்த அன்பைக் காப்பாற்றப் பத்தொன்பது ஆண்டுகள் பாடுபட்டு, ஈற்றிலே தோற்றுப்போன ஒருவரா? முன்னவர்களைக் கேட்டால், “எல்லாம் கடவுள் செயல்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பாதையில் எந்த இடத்தில் பாசி படர்ந்திருக்கிறது என்பது வழுக்கி விழுந்தவனுக்கே நன்றாகத் தெரியும்.

அவ்வாறு வழுக்கி விழுந்தவர்களுள் ஒருவர், உலகத்தையே சிரிக்க வைத்த அமெரிக்க நடிகை லூசீல் போல். 1951-ம் ஆண்டு முதல் 1957-ம் ஆண்டு வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடைபெற்ற ‘ஐ லவ் லூசி’ என்ற நாடகத் தொடரிலே குறும்புக்கார மனைவி லூசியாகத் தோன்றி, இலட்சோபலட்சம் குடும்பங்களை ஒவ்வொரு திங்கட்கிழமை இரவும் பெட்டியின் முன் உட்கார வைத்தவர் அவர். தொடரிலே அவருக்குக் கணவராக நடித்தவர் டெஸி ஆர்னாஸ். வாழ்க்கையிலும் அவரே கணவர். திரையில் அந்தத் தம்பதிகள் பிணங்குவார்கள்; அரை மணி நேரம் முடிவதற்குள் இணங்கியும் விடுவார்கள். வீட்டிலோ பிணக்குத்தான் நீண்டதே தவிர, இணக்கம் நிலைக்கவில்லை. 1960-ல் அந்த விவாகம் இரத்தாயிற்று.

இந்தக் கதையை லூசீல் தாமே ஒளிவு மறைவின்றிச் சொல்லியிருக்கிறார். ‘லவ், லூசி’ என்பது அந்தச் சுயசரிதையின் பெயர். ஆங்கிலம் பேசுவோர் நெருங்கியவர்களுக்குக் கடிதம் எழுதினால், அடியிலே ‘அன்புடன், இன்னார்’ என்று கையொப்பமிடுவது வழக்கமன்றோ? அந்தக் கையொப்பமே இந்நூலின் தலைப்பு. காதலர்களுக்குக் கட்டளைகள் என்றோ, தம்பதிகளுக்கு அறிவுரைகள் என்றோ அவர் எதையும் வரிசைப்படுத்தி வைக்கவில்லை. நடந்ததைச் சொல்லிக்கொண்டு போகிறார்; பாடத்தை நாமே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த நூல் எழுதப்பட்ட காலத்துக்கும் அச்சான காலத்துக்கும் இடையே முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. அந்த இடைவெளிதான் இந்நூலின் தலைசிறந்த பாடம் என்பது என் எண்ணம். அதைக் கடைசியில் பார்ப்போம்.

வீடிழந்த சிறுமி

லூசீல் 1911-ம் ஆண்டு ஆகஸ்ட் 6-ந் திகதி நியூயோர்க் மாகாணத்தைச் சேர்ந்த ஜேம்ஸ்டவுன் நகரிலே பிறந்தார். தகப்பனார் தொலைபேசிக் கம்பிகள் இழுக்கும் தொழிலாளி. மகளுக்கு நான்கு வயது நிறையுமுன்னரே, 1915-ல், நெருப்புக்காய்ச்சலால் அவர் இறந்துபோனார். தாயார் மறுமணம் செய்துகொண்டு வெளியூர் சென்ற காலத்தில், சிறுமி மாற்றாந்தந்தையின் பெற்றோரிடம் விடப்பட்டாள். கண்டிப்பே உருவான குடும்பம் அது. கண்ணாடியிலே முகம் பார்த்து நிற்பதுகூட அங்கே தற்பெருமை என்னும் குற்றமாகக் கருதப்பட்டது.

பின்னர் தாய்வழிப் பாட்டனாரின் வீட்டிலே சில ஆண்டுகள் மகிழ்ச்சியாகக் கழிந்தன. அதுவும் நிலைக்கவில்லை. 1927-ல் அந்த வீட்டின் முற்றத்திலே பிள்ளைகள் துப்பாக்கி சுட்டுப் பழகிக்கொண்டிருந்தபொழுது, அயல்வீட்டுச் சிறுவன் ஒருவன் குறுக்கே வந்து குண்டடிபட்டு முடமானான். தொடர்ந்து வந்த வழக்கினால் பாட்டனார் வீட்டையே இழந்தார், குடும்பம் சிதறியது.

தந்தையை இழந்து, வீட்டையும் இழந்த ஒரு பெண், பிற்காலத்தில் தனக்கென்று ஒரு வீடு அமைந்தபொழுது அதை இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டதில் வியப்பென்ன? லூசீலின் இல்லறக் கதையை விளங்கிக்கொள்ள விரும்புகிறவர்கள் இந்தப் பழைய காயத்தை மறந்துவிடக் கூடாது. கணவரிடம் நாம் எதிர்பார்ப்பவற்றுள் பாதி, அவரைக் காணுமுன்னரே நம் உள்ளத்தில் எழுதப்பட்டுவிடுகிறது.

தொழிலிலும் அவருக்கு எளிதில் வழி திறக்கவில்லை. பதினைந்தாம் வயதிலே நியூயோர்க்கில் ஒரு நாடகப் பள்ளியிற் சேர்ந்தார். பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்ற பெட் டேவிஸ் அப்பொழுது அதே பள்ளியிலே சுடர்விட்டுக்கொண்டிருந்தார். லூசீலோ வாய் திறக்கவே கூச்சப்பட்டார். இந்தப் பிள்ளைக்கு நடிப்பு வராது என்று முடிவு கட்டி, ஆசிரியர்கள் அவரைத் திருப்பி அனுப்பினர். பின்பு உடை அலங்காரக் கடையிலே ஆடைகளை அணிந்து காட்டும் வேலை. இடையிலே மூட்டுகளை வாட்டிய கடும் வாத நோய். 1933-ல் ஹொலிவூட்டிலே கூட்டத்தோடு கூட்டமாக ஆடும் வாய்ப்பு. அதன்பின் பல ஆண்டுகள் சின்னஞ்சிறு வேடங்கள். ஆசிரியத் தொழிலில் இருக்கும் எம் போன்றோர், ஒரு மாணவரைப் பற்றி ‘இதற்கு மேல் இவரிடம் ஒன்றுமில்லை’ என்று தீர்ப்பு எழுதுமுன் இந்தப் பக்கங்களை ஒருமுறை படிப்பது நல்லது.

கிழிந்த உடையும் கறுத்த கண்ணும்

1940-ம் ஆண்டு ஆர்.கே.ஓ. படக் கம்பனியிலே டெஸி ஆர்னாஸை அவர் முதன்முதலாகச் சந்தித்தார். அன்று அவர் ஒரு படத்துக்காகச் சண்டைக் காட்சியிலே நடித்துவிட்டு, தலைமயிர் கலைந்து, உடை கிழிந்து, கண்ணிலே அடிபட்டதுபோல் கறுப்புச் சாயம் பூசிய கோலத்தில் நின்றார். டெஸிக்கு அந்தக் கோலம் சிறிதும் பிடிக்கவில்லை. சில மணி நேரத்தின்பின் ஒப்பனையைக் கலைத்து, நல்ல உடை உடுத்து வந்தவரைப் பார்த்தபொழுதுதான் மனம் மாறியது. தமது வாழ்க்கையின் மிகப் பெரிய காதல் இப்படி ஒரு நகைச்சுவைக் காட்சியாகத் தொடங்கியதை லூசீல் மறைக்கவில்லை.

டெஸி கியூபா நாட்டிலே பிறந்தவர். அவருடைய தகப்பனார் சந்தியாகோ நகரத்தின் மேயராக இருந்தவர். 1933-ல் நடந்த புரட்சியில் குடும்பம் எல்லாவற்றையும் இழந்தது. மயாமிக்கு அகதியாக வந்து சேர்ந்த அந்த இளைஞன், பறவைக் கூடுகளைக் கழுவும் வேலையிலிருந்து தொடங்கி, வாத்தியக் குழுத் தலைவனாக உயர்ந்தான். லூசீலைவிட ஐந்து வயதுக்கு மேல் இளையவர், வேறு நாட்டவர், வேறு மதத்தவர், பெண்கள் சூழ நிற்பதிலே விருப்பமுள்ளவர். இவை யாவும் லூசீலுக்கு மணத்துக்கு முன்னரே தெரியும். இந்த விவாகம் ஆறு மாதமே நிலைக்கும் என்று நண்பர்கள் கணக்கிட்டார்கள். மணப்பெண்ணுக்கோ அவ்வளவு நம்பிக்கைகூட இருக்கவில்லையாம்!

ஆயினும் 1940-ம் ஆண்டு நவம்பர் 30-ந் திகதி கனெக்டிகட் மாகாணத்திலுள்ள கிரீனிச் என்ற ஊரிலே அவர்கள் மணம் முடித்தார்கள். அவசரக் கலியாணம். நகைக் கடையிலே மோதிரம் வாங்க வழியில்லாமல், சில்லறைச் சாமான் கடையிலிருந்து ஒரு பித்தளை மோதிரம் வந்தது. கலியாணம் முடிந்த கையோடு, நியூயோர்க்கிலே டெஸி ஆடிப்பாட வேண்டிய அரங்குக்கு ஓடினார்கள். செய்தி அறிந்த சனங்கள் அரிசி தூவி வாழ்த்தினார்கள்.

குறைகளை அறியாமல் மணப்பது ஏமாற்றம். குறைகளை அறிந்தும், “என் அன்பினாலே இவரைத் திருத்திவிடுவேன்” என்று மணப்பது துணிச்சல். இந்தத் துணிச்சலைப் பல பெண்கள் காதல் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். லூசீலின் கதையிலே முதற் பாடம் இதுதான். தாலி கட்டினாலும் சரி, மோதிரம் மாற்றினாலும் சரி, வளர்ந்துவிட்ட ஒருவருடைய பழக்கங்களைச் சடங்கு எதுவும் மாற்றிவிடாது. தாமே மாற வேண்டும் என்று ஒருவர் விரும்பினாலன்றி, அவரை மாற்ற இன்னொருவரால் இயலாது.

எதிரெதிரே ஓடிய கார்கள்

மணம் முடிந்த சில மாதங்களிலே, சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கிலே ஐந்து ஏக்கர் நிலமும் ஒரு வீடும் வாங்கி, இருவர் பெயர்களையும் சேர்த்து ‘டெஸிலு’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பெயரிலே இணைந்தவர்கள் வாழ்க்கையிலே இணைவதற்கு நேரம் வாய்க்கவில்லை. டெஸியின் வாத்தியக் குழு ஊர் ஊராகச் சென்றது. உள்ளூரிலே நிகழ்ச்சி நடந்தாலும் அவர் வீடு திரும்புவது விடியற்காலை. அந்த நேரத்திலேதான் லூசீல் படப்பிடிப்புக்குப் புறப்படுவார். எதிரெதிரே வரும் இரண்டு கார்களிலிருந்து கணவனும் மனைவியும் தெருவிலே கண்டுகொள்வதுதான் பல நாட்களிலே அவர்களுடைய குடும்ப வாழ்க்கை. மற்ற நேரமெல்லாம் தொலைபேசியும் தந்தியும். அன்பும் அவற்றின் வழியே, சண்டையும் அவற்றின் வழியே.

1944-ல், டெஸி இராணுவ சேவையில் இருந்த காலத்திலே, லூசீல் விவாகரத்துக் கோரி வழக்குத் தொடுத்தார். அதிலும் ஒரு நகைச்சுவை நேர்ந்தது. வழக்குக்கு முதல் நாள் மாலை டெஸி அழைத்தார். இருவரும் சேர்ந்து உணவருந்தினார்கள், சமாதானமும் ஆனார்கள். மறுநாட் காலையிலே, “நான் கோட்டுக்குப் போக வேண்டும், பத்திரிகைக்காரர் காத்திருப்பார்கள்” என்று சொல்லிச் சென்று, தீர்ப்பை வாங்கிக்கொண்டு, நேரே கணவரிடமே திரும்பி வந்தார் லூசீல்! அந்த மாகாணத்துச் சட்டப்படி தீர்ப்பு முழுமையாக ஓராண்டு கழிய வேண்டும். இடையிலே தம்பதிகள் கூடி வாழ்ந்ததனால் அது செல்லாததாயிற்று.

படிக்கும்பொழுது சிரிப்பு வருகிறது. ஆனால், புத்தகத்தை மூடிவிட்டுச் சிந்தித்தால் ஒன்று புலனாகும். அன்று அவர்கள் கோபத்தை விட்டார்களேயன்றிக் கோபத்துக்குக் காரணமானதைத் தொடவேயில்லை. மறுபடியும் அதே வாத்தியக் குழு, அதே ஊர் சுற்றல், அதே சந்தேகம். கண்ணீரோடு கட்டித் தழுவிக்கொள்வதற்கும் சமாதானத்துக்கும் வேறுபாடு உண்டு. என்ன மாற வேண்டும் என்று இருவரும் அமைதியாக உட்கார்ந்து பேசிக்கொள்ளாத சமாதானம், அடுத்த சண்டைக்கு இடப்பட்ட தவணையே ஆகும்.

திரையிலே கட்டிய வீடு

1949-ல் அவர்கள் டெஸியின் கத்தோலிக்க முறைப்படி தேவாலயத்திலே மீண்டும் மணம் செய்துகொண்டார்கள். குழந்தை வேண்டும் என்று லூசீல் ஏங்கினார். கருச்சிதைவுகளாற் பலமுறை துயருற்றபின், நாற்பது வயதை எட்டும் தறுவாயிலே, 1951-ம் ஆண்டு ஜூலை 17-ந் திகதி முதற் குழந்தையாக ஒரு பெண் பிறந்தாள்.

அக்காலத்திலே லூசீல் வானொலியில் ‘மை பேவரிட் ஹஸ்பண்ட்’ என்ற தொடரிலே நடித்துப் பெயர் பெற்றிருந்தார். சி.பி.எஸ். நிறுவனம் அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர விரும்பியது. தமக்குக் கணவராகத் தம் சொந்தக் கணவரே நடிக்க வேண்டும் என்று லூசீல் நிபந்தனை போட்டார். காரணம் மிக எளியது. டெஸிக்கு உள்ளூரிலே நிலையான வேலை கிடைத்தால் அவர் வீட்டில் இருப்பார்! கியூபா நாட்டு உச்சரிப்போடு பேசும் ஒருவரை அமெரிக்கப் பெண்ணின் கணவராகச் சனங்கள் ஏற்கமாட்டார்கள் என்று நிறுவனத்தார் தயங்கினர். இருவரும் 1950-ல் ஊர் ஊராகச் சென்று மேடையிலே சேர்ந்து நடித்து, சனங்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்பதைச் செய்தே காட்டினார்கள்.

1951-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் திகதி ‘ஐ லவ் லூசி’ தொடங்கியது. அதன் பின்னாலிருந்த மூளை டெஸியுடையது. அரங்கிலே சனங்களை உட்கார வைத்து, மூன்று படக் கருவிகளால் ஒரே நேரத்தில் நாடகத்தைப் படமாக்கும் முறையை, ஒளிப்பதிவாளர் கார்ல் பிராய்ண்டின் துணையோடு நடைமுறைக்குக் கொண்டுவந்தார். சம்பளத்தில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டு, அந்தப் படச்சுருள்களின் உரிமையைத் தம் கம்பனிக்கே எடுத்துக்கொண்டார். பழைய படங்களை மறுபடியும் காட்டிப் பணம் ஈட்டலாம் என்பதைப் பலரும் உணராத காலம் அது. தம்மை வருத்திய கணவரின் இந்தத் திறமையை லூசீல் குறைத்துச் சொல்லவேயில்லை. வெற்றியின் பெரும் பங்கு டெஸிக்கு உரியது என்று நூல் நெடுகிலும் ஒப்புக்கொள்கிறார்.

இரண்டாவது முறை லூசீல் கர்ப்பமுற்றபொழுது, அதையே கதையிலும் சேர்த்தார்கள். கர்ப்பம் என்ற சொல்லைத் தொலைக்காட்சியிலே உச்சரிக்கவும் தயங்கிய காலம். ஒரு கத்தோலிக்க குரு, ஒரு புரட்டஸ்தாந்து போதகர், ஒரு யூத குரு ஆகிய மூவரும் கதையைப் பார்த்து அனுமதி அளித்தார்கள். 1953-ம் ஆண்டு ஜனவரி 19-ந் திகதி திரையிலே லூசிக்கு ஆண் குழந்தை பிறந்தது. அதே நாளிலே லூசீலும் ஆண் குழந்தையைப் பெற்றெடுத்தார். ஏறத்தாழ 4 கோடியே 40 இலட்சம் பேர் அந்த நாடகத்தைப் பார்த்தார்கள். மறுநாள் ஐசன்ஹோவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றதைப் பார்த்தவர்களைவிட இது அதிகம்.

கணவன் மனைவிக்குத் துணை நிற்பது எப்படி என்பதற்கும் இந்நூலில் ஒரு காட்சி உண்டு. பொதுவுடைமைக் கட்சித் தொடர்பு பற்றிய விசாரணைகள் அமெரிக்காவைக் கலக்கிய காலத்திலே, 1953 செப்டெம்பரில், லூசீலின் பெயரும் வெளிவந்தது. 1936-ல் பாட்டனாரின் மனத்தைத் திருப்திப்படுத்துவதற்காக அந்தக் கட்சியின் வாக்காளராக அவர் தம்மைப் பதிவு செய்திருந்தார். வாழ்வும் தொழிலும் ஒரே நாளிலே அழிந்துபோகும் அபாயம். அன்றிரவு அரங்கிலே கூடியிருந்த சனங்களின் முன் டெஸி வந்து நின்று உண்மையை விளக்கினார். தம் மனைவியிடம் சிவப்பாக இருப்பது தலைமயிர் ஒன்றுதான், அந்தச் சிவப்பும் சாயமே என்று அவர் கூறியதும் அரங்கமே எழுந்து ஆரவாரித்தது. ஆயிரம் சண்டை நடந்த வீட்டிலும் இப்படி ஓர் இரவு இருக்கும். அந்த இரவை நினைத்துக்கொண்டுதான் பல தம்பதிகள் இன்னும் சில ஆண்டுகளைப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

சிரிப்பு நின்றபின்

கணவரை வீட்டிலே இருத்துவதற்காக ஆரம்பித்த தொழில், வீட்டையே விழுங்கியது. டெஸிலு கம்பனி வளர்ந்தது. ஒருகாலத்தில் இருவரும் கூலிக்கு நடித்த ஆர்.கே.ஓ. படக்கூடங்களையே அறுபது இலட்சம் டொலருக்கு மேற் கொடுத்து வாங்கும் அளவுக்கு வளர்ந்தது. பொறுப்பும் கடனும் டெஸியின் தோளை அழுத்தின. குடி கூடியது, பெண்கள் தொடர்பும் கூடியது. பகல் முழுவதும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தார்கள். கணக்கு, கதை, ஒப்பந்தம் என்று ஓயாமல் பேசினார்கள். ஆனால், கணவனும் மனைவியுமாகப் பேசிக்கொள்ள அவர்களுக்கு ஒன்றுமில்லாமற் போயிற்று. ஒன்றாக உழைப்பது ஒன்றாக வாழ்வதற்கு ஈடாகாது. இருவரும் உத்தியோகம் பார்க்கும் குடும்பங்கள் பெருகியுள்ள இக்காலத்தில் இந்தப் பாடம் நம் வாசகர் பலருக்கும் நேரே பொருந்தும்.

1960-ம் ஆண்டு மார்ச் 2-ந் திகதி, டெஸியின் நாற்பத்துமூன்றாவது பிறந்த நாளன்று, இருவரும் சேர்ந்து நடித்த கடைசி நாடகம் படமாக்கப்பட்டது. வழக்கம்போல முடிவிலே பிணக்குத் தீர்ந்து சமாதான முத்தம். மறுநாள் லூசீல் விவாகரத்து மனுவைத் தாக்கல் செய்தார். நாடகத்தின் சமாதானம் எந்த நாளில் எழுதப்பட்டதோ, அதற்கு அடுத்த நாளே வாழ்க்கையின் முடிவும் எழுதப்பட்டது.

அதன்பின் அவர் நியூயோர்க் நாடக மேடைக்குச் சென்றார். அங்கே கரி மோர்ட்டன் என்னும் ஹாஸ்ய நடிகரைச் சந்தித்தார். மாலை வேளைகளிலே தொழில் செய்பவராதலால், லூசீலின் தொடரை அவர் பார்த்ததே அரிதாம்! புகழ் பெற்ற லூசியை அறியாத ஒருவர், வெறும் லூசீலை அறிந்துகொண்டார். 1961-ம் ஆண்டு நவம்பர் 19-ந் திகதி அவர்கள் மணந்தார்கள். மணப்பெண்ணுக்கு வயது ஐம்பது; மணமகன் பதின்மூன்று வயது இளையவர். புயலும் மின்னலும் இல்லாத அந்த விவாகம் 1989-ல் லூசீல் மறையும்வரை நீடித்தது. 1962-ல் டெஸியின் பங்கை விலைக்கு வாங்கி, டெஸிலு கம்பனியின் தலைமையை லூசீலே ஏற்றார். ஒரு பெரிய படக்கூடத்தைத் தனித்து நிர்வகித்த முதற் பெண்மணிகளுள் அவரும் ஒருவர்.

அச்சேறாத முப்பது ஆண்டுகள்

இனி, தொடக்கத்திலே சொன்ன அந்த இடைவெளிக்கு வருவோம். லூசீல் தம் வரலாற்றைப் பத்திரிகையாளர் பெட்டி ஹன்னா ஹொஃப்மனிடம் சொல்லி எழுதுவித்தது 1960-ம் ஆண்டுகளின் முற்பகுதியில். அவர் புகழின் உச்சியில் இருந்த காலம் அது. அந்த வேளையிலே அதை வெளியிட்டிருந்தால் பணமும் பரபரப்பும் கொட்டியிருக்கும். ஆனால், அவர் அதை வெளியிடவில்லை. உறங்க வைத்துவிட்டார். அவர் 1989-ல் மறைந்தபின், பழைய வழக்கறிஞரின் கோப்புகளிலிருந்து கைப்பிரதி வெளிவந்தது. மகள் லூசி ஆர்னாஸின் முன்னுரையோடு 1996-ல் நூலாயிற்று. அந்தப் பக்கங்கள் டெஸியின் மனத்தைப் புண்படுத்தும் என்று எண்ணியே தாயார் அதை ஒதுக்கி வைத்தார் என்பது குடும்பத்தாரின் கருத்து.

டெஸியும் 1976-ல் தம் வரலாற்றை எழுதினார். ‘எ புக்’ என்பது அதன் தலைப்பு. குடியையும் ஒழுக்கக் குறைவையும் அவர் தம் வாயாலேயே அதில் ஒப்புக்கொண்டார். அதன் பின்னருங்கூட, “அவர் சொல்லிவிட்டார், இனி நானும் சொல்கிறேன்” என்று லூசீல் தம் கைப்பிரதியை அச்சுக்கு அனுப்பவில்லை.

மனந்திறந்து பேசுவதே நேர்மை என்று இன்று பலர் கருதுகிறார்கள். கணவன் மனைவிப் பிணக்கை ஊரறியச் சொல்வது துணிவு என்றும், சொல்லாமல் அடக்குவது கோழைத்தனம் என்றும் வாதிடும் மாணவர்களை நான் அறிவேன். அவர்களுடைய வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. வீட்டு விஷயம் வேலி தாண்டக் கூடாது என்று வாயை மூடியே பல பெண்கள் துன்பத்துள் மூழ்கியிருக்கிறார்கள். அப்படி மூழ்கும்படி லூசீல் யாருக்கும் சொல்லவில்லை. விவாகம் பொறுக்க முடியாததானபோது வெளிப்படையாகவே நீதிமன்றம் சென்றார். தமக்கு வேண்டிய நீதிக்காகப் பேச வேண்டிய இடத்திலே பேசினார். நீதி கிடைத்தபின், மற்றவர் நாணும்படி சந்தையிலே அதை விரித்துப் போடவில்லை. பிறருக்குத் தீங்கு பயக்காத சொல்லே வாய்மை என்று திருவள்ளுவர் இலக்கணம் வகுத்தார். குறளை அறியாத ஒரு சிரிப்பு நடிகை அந்த இலக்கணத்தின்படி நடந்து காட்டியிருக்கிறார்.

அந்த அடக்கத்துக்குப் பலனும் கிடைத்தது. பிரிந்தபின் அவர்கள் பகைவர்களாகவில்லை. இருவரும் வேறு விவாகம் செய்துகொண்டார்கள். ஆயினும் பிள்ளைகளுக்குத் தாயும் தந்தையுமாக, ஒருவர் நலத்தை ஒருவர் விசாரித்து வந்தார்கள். 1986-ல் டெஸி நோயுற்றுப் படுத்திருந்தபோது லூசீல் சென்று பார்த்தார். பழைய ‘ஐ லவ் லூசி’ நாடகங்களை இருவரும் சேர்ந்திருந்து பார்த்துச் சிரித்தார்கள். கடைசியாகத் தொலைபேசியிலே அவர்கள் பேசிக்கொண்டது நவம்பர் 30-ந் திகதி என்று மகள் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். விவாகம் நிலைத்திருந்தால் அது நாற்பத்தாறாவது மண நாள். இரண்டு நாட்களின்பின், டிசம்பர் 2-ந் திகதி, டெஸி மறைந்தார். அதன்பின் ஐந்து நாட்களிலே வாஷிங்டனில் கென்னடி மண்டபத்தின் கௌரவம் லூசீலுக்கு வழங்கப்பட்டது. அந்த விழாவுக்கென்று டெஸி முன்னரே எழுதியனுப்பிய வார்த்தைகளை நடிகர் றொபர்ட் ஸ்டக் வாசித்தார். ‘லூசியை நேசிக்கிறேன்’ என்பது தமக்கு ஒருபொழுதும் வெறும் நாடகத் தலைப்பாக இருந்ததில்லை என்பது அவற்றின் கருத்து.

லூசீல் தம் புத்தகத்தை 1964-ல் வெளியிட்டிருந்தால், அந்த நோயாளியின் அறையிலே அவர்கள் இருவரும் சேர்ந்திருந்து சிரித்திருப்பார்களா? அந்தத் தொலைபேசி மணி அடித்திருக்குமா? யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால், இல்லறத்திலே புண்பட்ட எவரும் கோபத்தோடு கடிதம் எழுதத் தொடங்கும்போது, அதன் அடியிலே ‘அன்புடன்’ என்று மனச்சாட்சியோடு கையொப்பமிட முடியுமா என்று தம்மைத் தாமே கேட்டுப் பார்க்கலாம். முடியுமானால் அன்றே அனுப்பிவிடலாம். முடியாதென்றால், எழுதிய கடிதம் சில காலம் பெட்டிக்குள்ளே கிடக்கட்டும்.